சிவகளைப் பரம்பும் தாழியில் இட்ட நெல்லும்

பொதியின்மலையிற் பிறந்து கிழக்கு நோக்கியோடும் பொருநையாறு ஸ்ரீவைகுண்டத்தை அடையுங்கால் மலைச்சாரலின் விரைவு தணிந்து, இருமருங்கும் காலும் குளமுமாகப் பரந்து, நெல்லும் வாழையும் கொழிக்கும் மருதநிலமாய் விரிகின்றது. அந்நகர் சைவவுலகிற்குப் புதியதன்று. நவகயிலாயங்களுள் சனிக்குரியதென வழிபடப்பெறும் கயிலாயநாதர் திருக்கோயில் ஆண்டுள்ளது. 17-ஆம் நூற்றாண்டிலே குமரகுருபர சுவாமிகள் தோன்றியருளியதும் அவ்வூரே. ஆயின், அங்குநின்று வடகிழக்கே ஏறத்தாழ ஆறு மைல் சென்றாற் காணப்படும் சிவகளை என்னுஞ் சிற்றூரை அண்மைக்காலம் வரை அறிந்தார் மிகச் சிலரே. அது தேவாரப் பாடல் பெற்ற தலமன்று. சங்கப் புலவர் எவர் பெயரோடும் சேர்த்து வழங்கப்படுவதுமன்று. விதைத்து நட்டுக் களை பறித்து அறுத்துண்ணும் உழவர் வாழும் ஊர் என்பதே அதற்குரிய பெருமையாயிருந்தது.

அவ்வூரை அடுத்துப் பரம்பு ஒன்று உளது. சேறாடிய வயலைச் சமன்செய்யும் பலகைக்கும் பரம்பு என்பது பெயராதலின், உழவர்நாட்டிற் பிறந்தோர் இச்சொல்லைக் கேட்டவுடன் அதனையே நினைப்பர். ஈண்டுக் குறிக்கப்படுவது அஃதன்று. சரளையும் செம்மண்ணுமாய் மேடிட்டுக் கிடக்கும் வறுநிலமே பரம்பு எனப்படும். வாய்க்கால் நீர் ஏறாத மேடாதலின் ஏரும் அதன்மீது ஏறிற்றிலது. மழை பெய்து மண் கரைந்தபோதெல்லாம் பெரிய பானைகளின் விளிம்பு வட்டவட்டமாய் வெளித்தோன்றும். ஆடு மேய்ப்பாரும் விறகு பொறுக்குவாரும் அவற்றை நாடோறும் கண்டிருப்பர். கண்டும் அவற்றின் அருமை அறியாராயினர். அவ்வூர்ப் பள்ளியாசிரியர் ஒருவர் அவற்றின் தன்மையை உணர்ந்து, ஓடுகளையும் இரும்புத் துண்டுகளையும் திரட்டி, அரசினர்க்குத் தெரிவித்துப் பல்லாண்டு முயன்றதன் பயனாகவே தமிழ்நாட்டரசின் தொல்லியல் துறையார் 2020-ஆம் ஆண்டில் அங்கே அகழத் தொடங்கினர். அதனைத் தொடர்ந்து 2021, 2022 ஆகிய ஆண்டுகளிலும் அகழ்வு நடந்தது. பரம்பிலே நூற்றுக்கு மேற்பட்ட முதுமக்கள் தாழிகள் வெளிப்பட்டன. பரம்பிற்கு அப்பால் 'திரடு' என்று அந்நாட்டார் வழங்கும் மண்மேடுகளிலே அம்மக்கள் குடியிருந்த இடங்களையும் தேடினர். பராக்கிரமபாண்டித் திரடு என்பது அவற்றுள் ஒன்று.

தாழிகளுள் இருந்தவை எலும்பும் சிறு கலங்களும் இரும்புக் கருவிகளுமாம். கத்தி, கோடரி, உளி, அம்புமுனை, வாள் முதலியன அக்கருவிகள். இவையெல்லாம் தென்னாட்டுப் புதைகாடுகள் பலவற்றிலும் கிடைப்பனவே. சிவகளைக்குத் தனிச்சிறப்பைத் தந்தது ஒரு தாழியுள் மண்ணோடு கலந்து கிடந்த நெல்லின் உமியாகும். அதனை அமெரிக்க நாட்டு மயாமி நகரிலுள்ள ஆய்வுக்கூடத்திற்கு அனுப்பி ஆராய்ந்தபோது கி. மு. 1155 என்னும் காலம் கிடைத்தது. இம்முடிபு 2021 செப்டம்பர் 9-ஆம் நாள் தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தில் முதலமைச்சரால் அறிவிக்கப்பட்டது. ஏறத்தாழ 3,200 ஆண்டுகட்கு முன்னர்ப் பொருநைக் கரையில் நெல் விளைந்தது என்பதும், அந்நெல் இறந்தாரோடு வைக்கப்பட்டது என்பதும் இதனாற் போதரும்.

அதன்பின் 2025 ஜனவரி 23-ஆம் நாள் இரும்பின் தொன்மையைப் பற்றிய நூலொன்று அத்துறையினரால் வெளியிடப்பட்டது. அதன்கண், சிவகளையில் எடுத்த கரித்துண்டு முதலியவற்றின் ஆய்வினால் அங்கே இரும்பு வழங்கிய காலம் கி. மு. 3345 வரை பின்னோக்கிச் செல்லும் என்று கூறப்பட்டது. கிருஷ்ணகிரி மாவட்டத்து மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பிற்குக் கி. மு. 2172 என்னும் காலம் 2022-ஆம் ஆண்டிலே கூறப்பட்டபொழுதே அறிஞர் பலரும் வியந்தனர். சிவகளையின் கணக்கோ அதனினும் ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆண்டுகள் முற்பட்டதாகலின், வியப்பும் ஐயமும் ஒருங்கே எழுந்தன.

இவ்விடத்துக் காலங்கணிக்கும் முறையைச் சிறிது விளக்குதல் வேண்டும். உயிருள்ள மரஞ்செடிகள் காற்றினின்று கரியணுக்களைக் கொள்ளுகின்றன. அவற்றுள் ஒருவகைக் கரியணு மெல்லமெல்லச் சிதைந்து குறையும் இயல்பினது. 5,730 ஆண்டில் அது பாதியாகும். செடி பட்டுப்போனபின் புதிய கரி அதனுட் புகாதாகலின், எஞ்சியுள்ள அளவை நோக்கி அது பட்டுப்போன காலத்தைக் கணிப்பர். நெல் ஓராண்டிலே முளைத்து விளைந்து அறுக்கப்படும் பயிர். எனவே நெல்லுமியின் காலம் அறுவடையின் காலமேயாம், அதில் மயக்கமில்லை. மரமோ அவ்வாறன்று. இருநூறாண்டு நின்ற மரத்தின் உள்வயிரம், அம்மரம் வெட்டப்பட்ட நாளினும் இருநூறாண்டு மூத்தது. அவ்வயிரத்தின் கரியைக் கொண்டு கணித்தால் தீ மூட்டிய காலம் கிடையாது. வயிரம் பாய்ந்த காலமே கிடைக்கும். இவ்வேறுபாடு சில நூறாண்டுகளை விளக்குமேயன்றி ஈராயிரம் ஆண்டுகளை விளக்கமாட்டாது. ஆகவே ஒரே ஊரின் நெல்லுக்கும் இரும்பிற்கும் இடையே ஈராயிரத்துக்கு மேற்பட்ட ஆண்டுகள் அகன்று கிடத்தல் எண்ணற்பாலது. ஒரு புதைகாட்டைப் பல காலத்து மக்களும் வழிவழிப் பயன்படுத்தியிருத்தல் கூடும். அல்லது தாழி புதைத்தோர் கையில் தற்செயலாய்ப் புகுந்த பழங்கரி அதுவாதலும் கூடும். இன்னும் பல தாழிகளின் பொருள்களை ஆராய்ந்தே இது துணியப்படல் வேண்டும். நெல்லின் காலத்தை உறுதியாகக் கொள்ளலாம். இரும்பின் காலத்தை மேலாராய்ச்சிக்குரியதாக வைத்தலே முறை. பெரிய எண்ணைக் கேட்டவுடன் அதனையே பற்றிக்கொண்டு சிறிய எண்ணைக் கைவிடுவது ஆராய்ச்சியாகாது.

தாழிப்புதையல் பொருநைக்கரைக்குப் புதிய செய்தியன்று. ஸ்ரீவைகுண்டத்திற்கு மேற்கே, ஆற்றின் தென்கரையில் உள்ள ஆதிச்சநல்லூர் 114 ஏக்கர் பரப்புடைய புதைகாடாகும். ஜெர்மானிய நாட்டு யாகோர் என்பார் 1876-ஆம் ஆண்டிலேயே அங்கே தோண்டிக் கிடைத்தவற்றைப் பெர்லின் நகரத்துக்குக் கொண்டுபோயினர். 1899-ஆம் ஆண்டு தொடங்கிச் சில ஆண்டுகள் அலெக்சாந்தர் ரீ என்பார் முறையாக அகழ்ந்தனர். பொற்பட்டங்கள், வெண்கலக் கலங்கள், இரும்பு வேல்கள், முத்தலைக் கருவிகள் முதலியன பலவாகக் கிடைத்தன. அவற்றின் பட்டியல் 1915-இல் அச்சேறிற்று. அப்பொருள்கள் சென்னை எழும்பூர்க் காட்சிச்சாலையில் வைக்கப்பட்டன. அங்கும் சில கலங்களில் நெல்லுமியும் தினையுமியும் இருந்தன என்று ரீ குறித்துள்ளார். அந்நாளில் உமியைக் கொண்டு காலங்கணிக்கும் முறை உலகிலேயே இல்லாமையால் அக்குறிப்பு யாராலும் பெரிதும் மதிக்கப்பட்டிலது. இந்திய அரசின் தொல்லியல் துறையினர் 2004-ஆம் ஆண்டையொட்டி அங்கே மீண்டும் அகழ்ந்து நூற்றறுபதுக்கு மேற்பட்ட தாழிகளைக் கண்டனர். பொன்னும் வெண்கலமும் கிடைத்தமையால் ஆதிச்சநல்லூர் நூறாண்டுக்கு முன்னரே உலகறிந்ததாயிற்று. அதனால் அதன் செல்வத்தில் ஒரு பகுதி கடல்கடந்தும் போயிற்று. சிவகளை அறியப்படாதிருந்தமையே அதற்குக் காவலாயிற்று எனலாம்.

தாழியில் இட்டுப் புதைக்கும் வழக்கம் பழந்தமிழ் நூல் கற்றார் நன்கறிந்ததே. மணிமேகலையிற் சுடுதல், இடுதல், குழியிற் படுத்தல், தாழ்ந்த இடத்து அடைத்தல், தாழியிற் கவித்தல் என ஐவகை ஈமநெறிகள் கூறப்படுகின்றன. புறநானூற்றிலே கிள்ளிவளவன் துஞ்சியபோது ஐயூர் முடவனார், அத்துணைப் பெரும்புகழாளனைக் கவிக்கத்தக்க தாழியை எங்ஙனம் வனைவை என்று குயவனை நோக்கி இரங்குகின்றார். பிறிதொரு செய்யுளில், சுரத்திடைக் கணவனை இழந்த ஒருத்தி, தனக்கும் இடமுண்டாகும்படி தாழியை அகலமாக வனையுமாறு குயவனை வேண்டுகின்றாள். வண்டியின் ஆர்க்காலைப் பற்றிக்கொண்டு வழிநெடுக வந்த சிறு பல்லிக்குத் தன்னை அவள் ஒப்பிட்டுரைப்பது கல்லையும் உருக்கும். சிவகளைத் தாழிகள் அச்செய்யுட்களுக்கு ஆயிரம் ஆண்டு முற்பட்டன. எனினும் மண்ணில் எடுத்த எலும்பையும் ஓட்டையும் எண்ணி அளந்து எழுதுவோர் அச்செய்யுளை ஒருகால் ஓதிவிட்டு எழுதுவாராயின், ஒவ்வொரு தாழிக்கும் அழுதார் ஒருவர் இருந்தனர் என்பதை மறவார்.

இனி, சைவ அன்பர்கள் பெரிதும் வினவுவது ஒன்றுண்டு. ஊரின் பெயரோ சிவகளை. அண்மையிலுள்ள ஆதிச்சநல்லூரிலோ முத்தலை வேல் கிடைத்தது. ஆகவே தாழி புதைத்த அம்மக்கள் சிவபெருமானை வழிபட்டோரே என்று துணியலாகாதோ என்பது அது. மேடைகளிலும் துண்டுத்தாள்களிலும் இது துணிந்த பொருள்போலவே இக்காலத்துப் பேசப்படுகின்றது. இதனை நடுவுநிலைமையோடு ஆராய்தல் வேண்டும்.

பெயரை முதற்கண் நோக்குக. சிவன் என்னும் திருப்பெயர் சங்கத்தொகை நூல்களில் வழங்கக் காணோம். முக்கண்ணான் என்றும், ஆலமர் செல்வன் என்றும், நீலமிடற்றன் என்றும் பொருள்படும் பெயர்களாலேயே இறைவனை அந்நூல்கள் குறிக்கின்றன. அங்ஙனமாக, அந்நூல்களுக்கும் ஆயிரம் ஆண்டு முன்னர் அப்பரம்பிற் புதையுண்டோர் தம் ஊரைச் சிவகளை என்று வழங்கினர் எனல் எவ்வாற்றானும் பொருந்தாது. அப்பெயர் சைவம் தழைத்த பிற்காலத்தார் இட்டதாதல் வேண்டும். ஊர்ப்பெயர் குடியேறியோர்க்கும் ஆண்டோர்க்கும் ஏற்பப் பன்முறை மாறும். மண்ணுக்குள் இருப்பதோ மாறாது. 'களை' என்பதற்கு அழகு என்று பொருள்கொண்டு ஊர்ப்பெயரைச் சிறப்பிப்பார் உளர். வயலில் இறங்கியோர்க்கு அச்சொல் வேறு பொருளையும் தரும் என்பதை அவ்வுரைகாரர் மறந்தனர் போலும்.

முத்தலைக் கருவியும் அத்தகையதே. மூன்று தலையுடைய ஈட்டி மீன் குத்துதற்கும் விலங்கு எறிதற்கும் பல நாடுகளில் வழங்கிய கருவி. ஆதிச்சநல்லூரிற் கிடைத்த வேல்களையும், சேவல் வடிவத்தையும், வாயை மூடிய பொற்றகட்டையும் முருகவழிபாட்டின் அடையாளங்களாகக் கொண்ட வரலாற்றறிஞரும் இருந்தனர். திருச்செந்தூருக்கு வாய்ப்பூட்டும் காவடியுமாய்ச் செல்லும் அடியாரை இன்றும் காணும் அந்நாட்டார்க்கு அக்கருத்து இனிதே தோன்றும். ஆயினும் இனிமை சான்றாகாது. சிவலிங்கமோ திருக்கோயிலின் அடிப்படையோ தெய்வத்தின் பெயர் பொறித்த ஓடோ அத்தாழிகளோடு கிடைத்திலது. இல்லாத சான்றை உண்டென்று கூறி ஏற்படுத்தும் தொன்மை, பிறிதோர் அகழ்வினாற் பொய்யாமாயின், அதனோடு உண்மையான சிறப்பும் இகழப்படும். மேலும் இறைவன் அநாதி என்பது சித்தாந்தத் துணிபு. அநாதியான பொருளுக்கு மூவாயிரத்தாண்டுப் பானையைச் சான்றாக வைப்பது, அப்பொருளுக்கு ஓர் ஆதியை வகுத்துத் தருவதாகவே முடியும் என்பதைத் திருமடங்களிற் பாடங்கேட்டவர் எளிதில் உணர்வர்.

தாழிப்புதையல் தமிழ்நாட்டுக்கே உரியதும் அன்று. வியட்நாம் நாட்டுக் கடற்கரையிற் சாகுயின் என்னுமிடத்தும், பிலிப்பைன் தீவுகளிலும், இந்தோனேசியத் தீவுக்கூட்டத்துட் பல இடங்களிலும் அது காணப்படுகின்றது. அக்கூட்டத்துள் சும்பா என்பது உலகோர் அதிகம் அறியாத உழவர் தீவு. அதன் கீழ்கரையில் மெலோலோ என்னுமிடத்தே பெருந்தாழிகள் நிறைந்த புதைகாடு கண்டறியப்பட்டது. அத்தீவின் சிற்றூர்களில் முன்னோரைத் தெய்வமாகப் போற்றும் மராபு என்னும் பழநெறி இன்றும் வழங்குகின்றது. ஆண்டு இறந்தோர்க்குரிய பெருங்கற்களை ஊரின் நடுவே, வீடுகள் சூழ்ந்த முற்றத்திலேயே நிறுத்துவர். பிள்ளைகள் அக்கற்களின்மேல் ஏறி விளையாடுவர். பொருநைக்கரையாரோ இறந்தோரைக் குடியிருப்பினின்று விலக்கிப் பரம்பிலே வைத்தனர். தாழி ஒன்றாயினும் கொள்கை ஒன்றன்று என்பதற்கு இஃது ஒரு சான்று.

பாலித்தீவின் செய்தி சைவர்க்கு இன்னும் பயன்படுவது. அத்தீவினர் இக்காலத்துச் சிவபெருமானைச் சூரியனிடத்துக் கண்டு நாடோறும் பூசிக்கும் குருமாரை உடையர். அத்தீவின் மேல்கோடியிலே கிலிமானுக் என்னுமிடத்தில், ஏறத்தாழ 2,000 ஆண்டுகட்கு முற்பட்ட புதைகுழிகளும் தாழிகளும் 1963-ஆம் ஆண்டு முதல் அகழ்ந்தெடுக்கப்பட்டன. அத்தீவின் வடகரையில் உள்ள செம்பிரன் என்னும் ஊரிலோ, அரிக்கமேட்டிற் கிடைப்பன போன்ற உருள்வரி இட்ட இந்தியக் கலவோடுகள் கிடைத்துள்ளன. இந்நாட்டோடு வாணிகம் நடந்தது என்பதற்கு அவ்வோடுகள் போதிய சான்று. ஆயின், பின்வந்த பாலியர் சைவராதலின் கிலிமானுக்கிற் புதையுண்டோரும் சைவரே என்று ஒருவர் கூறின், அறிஞர் ஏற்பரோ? ஏலார். பாலியில் ஏலாத வாதம் சிவகளையில் மட்டும் ஏற்குமாறு எங்ஙனம்?

இனி நெல்லின் செய்திக்கு மீளலாம்; சிவகளையின் மெய்யான செல்வம் அதுவே. பயிர்நெல் பெரும்பாலும் தானாக முளைக்கும் புல்லன்று. நீரைத் தேக்கி, நிலத்தைச் சேறாக்கி, பருவமறிந்து விதைத்துக் காத்தால் அது நன்கு விளையும். எனவே இறந்தாரோடு நெல்லை வைத்த மக்கள் நீர் அடக்கத் தெரிந்த மக்களாயிருத்தல் கூடும். பொருநை இருமழையும் பெறும் ஆறு. மேல்காற்று மழையாற் கார்ப்பயிரும், வாடைக்காற்று மழையாற் பிசானமும் அந்நாட்டில் விளைகின்றன. அவ்வாற்றின் குறுக்கே எட்டு அணைகள் உள. கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர் என்னும் ஏழும் ஆங்கிலேயர் வருமுன் கட்டப்பட்டவை. எட்டாவதாகிய ஸ்ரீவைகுண்டம் அணை ஒன்றே அவர் ஆட்சியில், 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் முடிந்தது. அதன் வடகாலும் தென்காலும் 25,000 ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்துக்குப் பாய்கின்றன. தாழிகளின் காலத்தில் இவற்றுள் ஒன்றும் இல்லை. மழை வெள்ளம் தானே வந்து தேங்கி வடியும் பள்ளங்களிலும், சிறு கரையிட்டு மறித்த தாழ்நிலங்களிலும் அவர்கள் பயிரிட்டிருத்தல் வேண்டும்.

அங்ஙனமாயின் பரம்பைப் புதைகாடாகக் கொண்டதன் காரணமும் விளங்கும். நீர் ஏறும் நிலம் உயிரோடிருப்பார்க்கு. நீர் ஏறா நிலம் இறந்தார்க்கு. ஒரு பிடி விளைநிலத்தையும் வீணாக்காத உழவரது கணக்கு இது. வெள்ளம் வந்தபோது புதைகாட்டை அது தீண்டாதிருத்தலும் அதனாற் கிடைத்த பயன். பொருநையின் வெள்ளம் எளியதன்று. நவகயிலாயங்களுள் ஒன்றாகிய இராஜபதிக் கோயில் பண்டொருகால் ஆற்று வெள்ளத்தால் அழிந்து, அண்மைக்காலத்திலேயே மீளக் கட்டப்பட்டது. 2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாட்களிற் பெய்த பெருமழையில் ஸ்ரீவைகுண்டத்துச் சுற்றூர்கள் நீரிடைத் தீவுகளாயின. புகைவண்டி ஒன்று அந்நிலையத்தில் நூற்றுக்கணக்கான பயணிகளோடு இரண்டு நாள் நின்றது. அடுத்துள்ள புதுக்குடி மக்கள் தம் வீடுகளில் இருந்த அரிசியைக் கொணர்ந்து ஊர்க்கோயிலில் உலையேற்றி, முன்பின் அறியாத அப்பயணிகளுக்குச் சோறிட்டனர். தாழ்நிலத்து வயல்கள் மணல் மூடிக் கிடந்தன.

தாழியுள் நெல் ஏன் வைக்கப்பட்டது என்பதற்கு எழுத்துச் சான்று இல்லை. ஆயினும் அதே ஆற்றங்கரையில், அதே நெல் விளையும் ஊர்களில், இறந்தார்க்கு வாய்க்கரிசி இடுதல் இன்றளவும் தவறாது நிகழ்கின்றது. மகன் இடுகின்றான், பேரன் இடுகின்றான், உற்றாரும் ஊராரும் வரிசையாய் வந்து இடுகின்றனர். சைவநூல்கள் விதிக்கும் அந்தியேட்டி மந்திரங்களும் கிரியைகளும் இவ்வழக்கிற்குப் பின்னே வந்து சேர்ந்தனவாதலும் கூடும். சமயம் அவ்வழக்கைத் தோற்றுவித்தது என்பதினும், முன்னரே இருந்த வழக்கைச் சமயம் தழுவிக்கொண்டு பொருளுரைத்தது என்பதே பொருத்தமாகத் தோன்றுகின்றது. பெயரிலும் முத்தலை வேலிலும் தேடிக் கிடையாத தொடர்ச்சி ஒருபிடி நெல்லிற் கிடைக்குமாயின், அதனை இழிவாகக் கருதுதற்கு இடமில்லை.

அகழ்வு முடிந்த குழிகள் பல மூடப்பட்டன. எடுக்கப்பட்ட கலங்கள் எண்ணிட்டு வைக்கப்பட்டன. இன்னும் தோண்டப்படாத தாழிகள் பரம்பின் கீழ் வாய்மூடிக் கிடக்கின்றன. அதன் சரிவிலே நீர் ஏறும் எல்லை எதுவோ அதுவரை வரப்பு வந்து நிற்கின்றது. பிசானப் பருவத்தில் அவ்வரப்பின் மேற்புறம் செஞ்சரளையும் கீழ்ப்புறம் பசுநாற்றுமாய்க் காணப்படும்.